பழைய மருந்தும் புதிய நோயும்

புதுநோய்க்குப் புதுமருந்து காணப் பல்லாண்டு செல்லும்; ஆதலின் வழக்கிலுள்ள மருந்துகளை ஆராய்தல் அறிஞர் முறை. 2020-ஆம் ஆண்டிற் கொரோனா பரவியபோது, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தார் நோயாளரைத் திருவுளச்சீட்டு முறையாற் பிரித்துச் சோதித்தனர். மலேரியாவிற்குரிய ஹைடிராக்ஸிகுளோரோகுயின் பயன்படாதொழிந்தது. மூட்டுவாதம், ஆஸ்த்மா முதலியவற்றிற்கு வழங்கும் மலிவான டெக்ஸாமெதஸோனோ, சுவாசப்பொறியில் இருந்தோரது மரணத்தை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கும், பிராணவாயு மாத்திரம் பெற்றோரது மரணத்தை ஐந்திலொரு பங்கும் குறைத்தது. பிராணவாயு வேண்டாதார்க்கு அதனால் நன்மை விளைந்திலது.

காரணம் என்னை? அம்மருந்து கிருமியைக் கொல்வதன்று. உடலின் எதிர்ப்புச் சக்தி வரம்பு கடந்து நுரையீரலையே தாக்குங்கால் அதனை அடக்குவது. நோயின் தொடக்கத்திலோ அவ்வெதிர்ப்பு நமக்குத் துணையன்றோ?

மாணவர்காள்! மருந்தின் பெயரறிதல் மாத்திரம் போதாது. அது யாவர்க்கு, எப்பொழுது உதவும் என்பதனைச் சோதனையே காட்டும்.