கண்களின் பசி

வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த உயிரினம் ஒன்று இருளில் மறைந்து நிற்கிறது. வீட்டின் கதவு மெல்லத் திறக்கிறது. திரையின்முன் அமர்ந்திருப்பவரின் மூச்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது. அஞ்சுகிறார், ஆயினும் எழுந்து போக அவருக்கு மனம் வருவதில்லை. இந்த அச்சத்தில் இன்பம் எங்கிருந்து வருகிறது? இறைவனை நாடும் ஒருவர் இத்தகைய அறிவியல் திகில் படங்களைப் பார்க்கலாமா?

திரைப்படம் புதியது. ஆனால் காட்சியின்மீது மனிதன் கொள்ளும் மயக்கம் மிகப் பழையது. அதைப் பற்றிக் கிறிஸ்தவ மரபு பதினெட்டு நூற்றாண்டுகளாகச் சிந்தித்து வந்திருக்கிறது. எம்மரபைச் சார்ந்த சாதகருக்கும் அச்சிந்தனை பயன் தரும்.

விலகி நிற்றல்

கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்தவர் தெர்த்துல்லியன். பொதுக்காட்சிகளைப் பற்றி அவர் லத்தீனில் ஒரு தனி நூலே எழுதினார். நாடக அரங்கு, தேரோட்டப் பந்தயம், வாள்வீரர் போர் ஆகிய அனைத்தையும் கிறிஸ்தவர்கள் விலக்க வேண்டும் என்பது அவரது முடிவு. அங்கே மூளும் வெறி உள்ளத்தின் அமைதியைக் குலைக்கிறது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் புனித அகஸ்டின் இதே சிக்கலை இன்னும் ஆழமாக ஆராய்ந்தார். அவரது 'கன்பெஷன்ஸ்' நூலின் 6-ஆம் பகுதியில் நண்பர் அலிப்பியுஸின் கதை வருகிறது. சட்டம் பயில ரோமுக்குச் சென்ற அலிப்பியுஸ், வாள்வீரர் போரை வெறுத்தவர். ஒருநாள் நண்பர்கள் அவரை வலுக்கட்டாயமாக அரங்கிற்கு இழுத்துச் சென்றார்கள். உடல் அங்கிருந்தாலும் உள்ளம் அங்கிராது என்று உறுதிகொண்டு அவர் கண்களை மூடி அமர்ந்தார். ஆனால் காதுகள் திறந்திருந்தன! ஒரு வீரன் வீழ்ந்ததும் கூட்டம் பேரொலி எழுப்பியது. என்ன நடந்தது என்று அறியும் ஆவல் அவரை வென்றது. கண்களைத் திறந்தார், திறந்த கண்களை அவரால் மீண்டும் மூட இயலவில்லை. பின்னர் தாமே விரும்பிச் சென்றதோடு, பிறரையும் அழைத்துச் செல்லலானார்.

அலிப்பியுஸை வீழ்த்தியவை இரண்டு: தம் மனவலிமையில் அவர் வைத்திருந்த அளவுமீறிய நம்பிக்கை, அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல். இந்த ஆவலையே மூலதனமாகக் கொண்டு இன்றைய திகில் படங்கள் இயங்குகின்றன.

பதில் கேட்காத கண்ணீர்

அந்நூலின் 10-ஆம் பகுதியில் அகஸ்டின் இந்த ஆவலைக் கண்களின் இச்சை என்று குறிப்பிடுகிறார். சிதைந்த சடலத்தைக் கண்டு மனிதர்கள் நடுங்குகிறார்கள். ஆனாலும் அதைப் பார்க்கவே ஓடுகிறார்கள். இதில் இன்பம் ஏதுமில்லை. 'பார்த்துவிட வேண்டும்' என்ற தாகம் மட்டுமே இருக்கிறது என்கிறார் அவர்.

3-ஆம் பகுதியில் அவர் எழுப்பும் கேள்வி இன்னும் கூர்மையானது. நாடகத்தில் பிறர் படும் துயரைக் கண்டு நாம் அழுகிறோம். ஆனால் அந்தத் துயரைத் துடைக்க யாரும் நம்மை அழைப்பதில்லை. உதவிக்கு எழாத இரக்கம் எத்தகைய இரக்கம்? திரையில் ஒரு நகரமே அழிவதைப் பார்த்துப் பதறும் நாம், அடுத்த வீட்டு முதியவரின் தனிமையைக் கவனிக்காமல் உறங்கச் செல்கிறோம் அல்லவா? இதயம் உருகியதாகத் தோன்றும். உண்மையில் அது இறுகிக்கொண்டிருக்கலாம்.

அச்சம் ஆசானாகும் வேளை

எனினும் திருச்சபை திரைக்கலை முழுவதையும் ஒதுக்கிவிடவில்லை. திரைப்படத்தின் நூற்றாண்டை ஒட்டி 1995-இல் வத்திக்கான் சிறந்த படங்களாக 45-ஐப் பட்டியலிட்டது. மனிதன் படைத்த கணினியே அவனைக் கொல்லத் துணியும் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' (1968) என்ற அறிவியல் புனைவுப் படமும் அதில் இடம்பெற்றது.

மனோஜ் நைட் சியாமளன் இயக்கிய 'சைன்ஸ்' (2002) படத்தின் நாயகர், விபத்தில் மனைவியை இழந்ததும் குருத்துவத்தைத் துறந்தவர். வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்புக்கு நடுவே அவர் இழந்த நம்பிக்கையை மீண்டும் பெறுகிறார். 'ஏ கொயட் பிளேஸ்' (2018) படத்தில், சிறு ஒலி கேட்டாலும் பாய்ந்து கொல்லும் உயிரினங்களுக்கு அஞ்சி வாழும் குடும்பம், உணவுக்கு முன் கைகோத்து மௌனமாகப் பிரார்த்திக்கிறது. இறுதியில் பிள்ளைகளைக் காப்பதற்காகத் தந்தை உரக்கக் கத்தித் தம் உயிரைக் கொடுக்கிறார். பிறருக்காகத் தன்னையே அளிப்பது கிறிஸ்தவ அன்பின் உச்சம். இங்கே அச்சம் அந்த அன்பை நோக்கிக் கைகாட்டுகிறது.

இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 'சைன்ஸ்' படத்தில் எல்லாத் துன்பங்களுக்கும் கதைமுடிவில் பொருள் கிடைத்துவிடுகிறது. வாழ்வில் அப்படி எப்போதும் நிகழ்வதில்லை. திகில் கதை இரண்டு மணி நேரத்தில் விடையைத் தந்துவிடும்; விசுவாசமோ விடை கிடைக்காத இரவிலும் இறைவனின் கரத்தைப் பற்றிக்கொண்டு காத்திருக்கும். முன்னதைப் பழகிய மனம் பின்னதற்குத் தேவையான பொறுமையை இழந்துவிடக் கூடாது.

மூன்று கேள்விகள்

16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித இஞ்ஞாசியார், நாள்தோறும் தன்னையே சோதித்தறியும் பயிற்சியைக் கற்பித்தார். எவை அமைதியின்பால் அழைத்துச் செல்கின்றன, எவை கலக்கத்தில் தள்ளுகின்றன என்று பகுத்தறிவதையும் அவர் வலியுறுத்தினார். படம் முடிந்ததும் அவ்வழியில் நின்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்:

1. இப்போது என் மனத்தால் அமைதியாகப் பிரார்த்திக்க இயலுகிறதா? அல்லது இன்னொரு அதிர்ச்சிக்காக அது ஏங்குகிறதா?

2. திரையில் கண்ட துயரம் என்னை ஓர் உண்மையான மனிதரின் துயரை நோக்கி நகர்த்தியதா?

3. நிறுத்த வேண்டும் என்று எண்ணினால் என்னால் நிறுத்த முடிகிறதா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று விரைந்து சொல்லத் தோன்றும். அலிப்பியுஸும் அரங்கினுள் நுழையும்போது அப்படித்தான் நம்பினார். ஆனால் அவர் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. 387-ஆம் ஆண்டு ஈஸ்டரின்போது மிலான் நகரில் அகஸ்டினுடன் அவரும் திருமுழுக்குப் பெற்றார். பின்னாளில் தம் சொந்த ஊரான தகாஸ்தேயின் ஆயரானார். காட்சிக்கு அடிமைப்பட்ட கண்களும் இறையருளால் விடுதலை பெற முடியும். அதற்கு முதற்படி, நம் கண்கள் எதற்காகப் பசித்திருக்கின்றன என்பதை நேர்மையுடன் அறிந்துகொள்வதே.