எளிமையான இல்லம் எது?



‘மினிமலிசம்’ என்ற பெயரில் வீட்டு அலங்கார முறையொன்று இன்று பேசப்படுகிறது. வெள்ளைச் சுவர், வெறுந்தரை, இரண்டொரு சாமான்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால், எளிமையாகத் தோன்றுவது வேறு. எளிமையாக வாழ்வது வேறு.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மீஸ் வான் டெர் ரோ என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 1951இல் ஒரு வீட்டைக் கட்டி முடித்தார். நான்கு புறமும் கண்ணாடிச் சுவர்கள். கலைஞர்கள் இன்றும் அதைப் போற்றுகின்றனர். அதைக் கட்டுவித்த எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற பெண் டாக்டரோ, கோடை வெப்பத்தாலும் மறைவின்மையாலும் அவதியுற்றார். செலவுத் தகராறு நீதிமன்றம் வரை சென்றது.

மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகளை எண்ணிப் பாருங்கள். சுடாத செங்கல், பேரீச்ச மட்டை, கைக்கு எட்டும் கூரை. ஆயினும் வாசலில் திரை உண்டு; மறைவு உண்டு. கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிவாசலை விரிவாக்க அவை இடிக்கப்பட்டபோது மதீனாவாசிகள் அழுதார்கள் என்று வரலாறு கூறுகிறது.

தேவையின் அளவையும் நாயகம் (ஸல்) அவர்களே காட்டித் தந்துள்ளார்கள். கணவன், மனைவி, விருந்தாளி ஆகியோருக்கு ஒவ்வொரு விரிப்பு. அதற்கு மிஞ்சியது ஷைத்தானுக்குரியது என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் வந்துள்ளது. நான்காவது என்பது தேவைக்கு மேற்பட்டதைக் குறிக்கும் என்று இமாம்கள் விளக்குகின்றனர். விருந்தாளியின் விரிப்பும் தேவையோடு சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்! விருந்தாளியின் பாயைக் கழித்துவிட்டு இடத்தை அழகாக்குவது நமது எளிமையாகாது.

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நம் சமூகத்தார் கோரைப்புல்லில் நெய்யும் பாயைப் பாருங்கள். இரவில் விரித்தால் படுக்கையறை. காலையில் சுருட்டி வைத்தால் அதே இடத்தில் தொழலாம், ஓதலாம், ஸஹன் வைத்து உண்ணலாம். ஓர் அறை நான்கு அறைகளின் வேலையைச் செய்கிறது.

ஆகவே, வீட்டை ஒழுங்குபடுத்த முனைவோர் மூன்றை மனத்திற் கொள்க:

1. பரணிலும் பீரோவிலும் ஆண்டுக்கணக்கில் தூங்கும் பொருள்களை, அவை கெடுமுன்பே தேவையுள்ளோருக்குக் கொடுத்துவிடுங்கள்.

2. மருமகள் கொண்டுவந்த பாத்திரமும் கட்டிலும் அவளுடைய உடைமை. அவளது மனப்பூர்வமான சம்மதமின்றி அவற்றை விற்கவோ, தர்மம் செய்யவோ எவருக்கும் உரிமையில்லை.

3. உறுதியான பழைய சாமான்களைத் தள்ளிவிட்டு, ‘எளிய’ சாமான்களைக் கடன்பட்டு வாங்குவதும் வீண்விரயமே.

நம் இல்லங்களில் அல்லாஹ் பரக்கத்தையும் மன நிறைவையும் நல்குவானாக! ஆமீன்.