கை மெலிந்தால் சோம்பல் என்று எண்ணாதீர்

பத்துமலையில் கடை வைத்திருக்கும் நாம், வேலைக்கு நிற்கும் பையன் சாமானைக் கைநழுவ விட்டால் கோபிக்கிறோம். கூப்பிட்டும் திரும்பாவிட்டால் திமிர் என்கிறோம். ஒரு பையனை நாமும் அப்படிக் கடிந்தோம். வியாதி என்று வைத்தியர் சொன்னதும் வெட்கினோம். அன்றுமுதல் இதைப்பற்றி விசாரித்து அறிந்ததைக் கூறுகிறோம்.

மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள சில நரம்பணுக்களே தசைகளுக்குக் கட்டளை அனுப்புகின்றன. அவை நலிந்தால் தசை மெலியும். இவ்வகை வியாதி பெரும்பாலும் நடுவயதுக்குமேல் வந்து, சில ஆண்டுகளில் உயிரை வாங்கும். ஆனால் சென்னை டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-ல் வேறொரு வகையை எடுத்துரைத்தனர். அது இளம் வயதில் தொடங்கும், கைகால் மெலியும், முகமும் விழுங்கும் தசைகளும் தளரும், பலருக்குக் காது மந்தமாகும். மெதுவாக முற்றுவதால் பல்லாண்டு வாழ்வோர் உண்டு. இதற்கு ‘மெட்ராஸ் வகை’ என்று பெயர். நோயாளிகளில் மிகுதியானோர் தென்னிந்தியர்.

இது தொற்றாது. குணமாக்கும் மருந்தும் இல்லை. ஆயினும் காதுக்கருவியும், தசைப்பயிற்சியும், விழுங்க எளிதான ஆகாரமும் உதவும். கைகால் மெலிய வேறு காரணங்களும் உண்டு. அவற்றுள் சில மருந்துக்குக் கட்டுப்படும். ஆகவே நாளைக் கடத்தாமல் நரம்பு வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

மூட்டை தூக்க இயலாதவனுக்குக் கல்லாவருகே ஓர் நாற்காலி போடுவோம். வேலையைவிட்டு நிறுத்துவது எளிது, விசாரிப்பதே கடமை.