நஞ்சும் சொல்லும்: கருணாபுரம் இறப்புகளும் விளிம்புநிலை மக்களுக்கான நலவாழ்வுச் செய்தியும்

முன்னுரை

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தியோருள் 65க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் பட்டியல் சாதியினரான தினக்கூலித் தொழிலாளர். இந்நிகழ்வை நாளிதழ்கள் குறித்த சொற்கள், உயிர்காக்கும் தகவலைத் தரவல்லனவா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அளவுகோல்

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கான இதழ்கள் புற்றுநோயை எவ்வாறு எழுதுகின்றன என ஆராய்ந்தோர் இரண்டு கூறுகளை நோக்கினர். ஒன்று, செய்தி வாசகரின் வட்டாரத்தோடு பொருந்துகிறதா என்பது. மற்றொன்று, அவர் செய்யவேண்டியதைச் சொல்கிறதா என்பது. கறுப்பின ஆண்களை மிகுதியாகத் தாக்கும் ஆண்மைச் சுரப்பிப் புற்றுநோயில் இவ்விரண்டும் இன்றியமையாதவை. கருணாபுரத்திற்கும் இவ்வளவுகோல் பொருந்தும்.

மருத்துவ உண்மை

மெத்தனால் உடலில் பார்மால்டிஹைடாகவும் பின்னர்ப் பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இவ்வமிலம் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. குருதியின் அமிலத்தன்மையை உயர்த்துகிறது. கடும் அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தோன்றும். அதற்குள் சிகிச்சை தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. போமிபிசோல் அல்லது எத்தனால், டயாலிசிஸ் ஆகியன இதற்குரிய சிகிச்சைகள். எனவே, அருந்தியவர் நலமாக இருப்பினும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்பதே முதன்மைச் செய்தியாகிறது.

சொல்லும் பொருளும்

‘கள்ளச்சாராயம்’ என்பதில் ‘கள்ள’ என்னும் அடை விற்பனையின் சட்டநிலையைச் சுட்டுகிறது. உள்ளிருக்கும் பொருளைச் சுட்டவில்லை. குடித்தவரையும் குற்றத்தின் நிழலுக்குள் நிறுத்துவதால், குடித்ததை மருத்துவரிடம் மறைக்கவும் அச்சொல் தூண்டக்கூடும். ‘விஷச்சாராயம்’ உட்பொருளைக் கூறுகிறது. ஆயினும், விஷம் உடனே கொல்லும் என்பது பொதுவழக்கு. ஆகவே, நலமாயிருப்பவர் தாம் குடித்தது விஷமன்று எனக் கருத இடமுண்டு. ‘மெத்தனால்’ துல்லியமான சொல். ஆனால் கூலித் தொழிலாளிக்கு அறிமுகமற்றது. இம்மூன்று சொற்களுள் எதுவும் காலத்தாழ்வை உணர்த்தவில்லை. ஆதலின் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. பெயரைத் தொடர்ந்து அறிவுறுத்தலும் வரவேண்டும்.

இதழ் மரபு

ஒடுக்கப்பட்டோருக்கான தமிழ் இதழியலுக்கு நெடிய வரலாறு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவருமாவார். மக்களின் உரிமையும் உடல்நலமும் ஒருவரது பணியிலேயே இணைந்திருந்தமை இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதத்தில் இவ்வாறே இறப்புகள் நேர்ந்தன. ஓராண்டு இடைவெளியில் கருணாபுரம் நிகழ்ந்தது. இழப்பீடு, கைது, விசாரணை ஆகியன செய்திக்குரியனவே. எனினும் அவை இறப்புக்குப் பிந்தியவை. “குடித்திருந்தால், பார்வை மங்கும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க, குடித்ததை மறைக்காமல் கூறுக” என்னும் இரு தொடர்கள் முதல்நாள் செய்தியின் தலைப்பருகே இடம்பெறல் வேண்டும். தேநீர்க் கடையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் சூழலில் எளிய ஏவல் தொடர்களே பயன்தரும். இறந்தோரின் எண்ணிக்கையைக் கூறும் செய்தி, இன்னும் இறவாதோரை நோக்கியும் பேசவேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.