வீட்டு மனைகளில் பார்த்தீனியம்: ஒழிக்கும் முறையும் பருவமும்

நம் நாட்டில் வேரூன்றிவிட்ட அயல்நாட்டுக் களைகளுள் பார்த்தீனியத்தைப்போல் நகரத்தையும் கிராமத்தையும் ஒருங்கே தொல்லைப்படுத்துவது வேறொன்று இருத்தல் அரிது. வெப்ப மண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி 1955ஆம் ஆண்டில் புனே நகரில் கண்டறியப்பட்டது. இறக்குமதியான கோதுமையுடன் இதன் விதைகள் வந்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. இருபது ஆண்டுகளுக்குள் கர்நாடக அரசு 1975இல் இதனைத் தீங்கு விளைக்கும் களையென அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. இலை காரட் இலையை ஒத்திருப்பதால் வட மாநிலங்களில் இதனைக் 'காஜர் காஸ்' என்று அழைக்கின்றனர்.

சட்டம் இருந்தும் களை குறையாததற்குக் காரணம் செடியின் இயல்பில் இருக்கிறது. ஈரம் கிடைத்தால் ஆண்டின் பெரும்பகுதியிலும் இது முளைக்கும். முளைத்த நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் பூத்துவிடும். ஒரே செடி பல ஆயிரம் விதைகளை ஈனும். நுண்ணிய அவ்விதைகள் காற்றாலும், ஓடும் மழைநீராலும், லாரிச் சக்கரங்களில் ஒட்டிய சேற்றாலும் பரவுகின்றன. வீடு கட்டக் கொண்டுவந்து கொட்டும் மண்ணிலும் எருவிலும் கலந்து வருவதை வீட்டுக்காரர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மண்ணில் புதைந்த விதைகள் சில ஆண்டுகள் வரை முளைக்கும் திறனுடன் கிடக்கும். ஆகவே ஒரு முறை சுத்தம் செய்த முற்றத்தில் அடுத்த மழைக்கு மீண்டும் செடி தோன்றினால், அது வேலை செய்தவரின் குறையன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. பார்த்தீனியம் கண்ணில் உறுத்துவது வெண்ணிறப் பூக்கள் விரிந்த பின்னரே. மனு எழுதி, மதிப்பீடு தயாரித்து, ஒப்புதல் பெற்று ஆட்கள் வருவதற்குள் விதை முற்றிவிடுகிறது. அந்நிலையில் செடியைப் பிடுங்கி, குவித்து, வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுசெல்வது களையெடுப்பன்று, விதைப்பு. ஒழிப்புப் பணிக்கான தொகை மழைக்கு முன்பே ஒதுக்கப்படுதல் வேண்டும். பணி, இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும் இளம் பருவத்திலேயே தொடங்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது வேருடன் பிடுங்குவதே சிறந்தது. அரிவாளால் தலையை மட்டும் அறுத்தால் அடியிலிருந்து கிளைத்துப் புதிதாகப் பூக்கும். முதற்சுற்றுக்குப்பின் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மனையைப் பார்வையிட்டு, புதிதாக முளைத்தவற்றை அகற்ற வேண்டும். பூக்காத செடிகளைக் குழியிலிட்டு மக்கவைத்து எருவாக்கலாம். பூத்தவற்றை எருக்குழியில் சேர்க்கலாகாது. பயிரோ பூச்செடியோ இல்லாத காலி இடத்தில், லிட்டர் நீருக்கு 200 கிராம் கறியுப்பு வீதம் கரைத்துத் தெளிப்பதுண்டு. உப்பு மண்ணைக் கெடுக்குமாதலால் தோட்டத்துக்கு இது ஏற்றதன்று.

பிடுங்குபவரின் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இச்செடியிலுள்ள பார்த்தெனின் என்னும் நச்சுப்பொருள் தோலழற்சியை உண்டாக்குகிறது. மகரந்தம் சிலருக்கு மூக்கொழுகலையும் ஆஸ்துமாவையும் தூண்டுகிறது. ஒவ்வாமை ஒரு முறை ஏற்பட்டவருக்கு அடுத்த முறை சிறிது பட்டாலும் அரிப்புக் கண்டுவிடும். இவ்வேலைக்கு வரும் தினக்கூலித் தொழிலாளருக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகத்துணியும் வழங்குவது சலுகையன்று. மதிப்பீட்டில் முதல் இனமாகவே அது இடம்பெற வேண்டும். ஏற்கெனவே அரிப்பு உள்ளவரை இப்பணியில் அமர்த்தலாகாது.

வெறுமையாக விட்ட நிலத்தைப் பார்த்தீனியமே முதலில் பிடித்துக்கொள்ளும். எனவே களை எடுத்த இடத்தில் தகரை அல்லது துலுக்கச் செவ்வந்தியை நெருக்கமாக விதைப்பது நன்று. மெக்சிகோவிலிருந்து 1983இல் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வெளியில் விடப்பட்ட சைகோகிராம்மா என்னும் வண்டும் மழைக்காலத்தில் இலைகளைத் தின்று பெரிதும் உதவுகிறது. கோடையில் அது மண்ணுக்குள் உறங்கிவிடுவதால் அதனை மட்டும் நம்பியிருக்க இயலாது. வண்டும் அதன் புழுக்களும் மொய்த்திருக்கும் செடிகளின்மீது பூச்சிமருந்து தெளிக்காமல், அவை பூக்கத் தொடங்கும்வரை விட்டுவைத்துப் பின்னர் பிடுங்கலாம்.