சிவப்பு மேகத்தின் கீழ் நிற்கும் விரால்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. முதல் விரால் ரப்பர் தவளையை அடித்த வேகத்தில் ராடு கையை விட்டு நழுவப் பார்த்தது என்று எழுதியிருக்கிறாய். மண்புழுவைக்கூடத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மீன்கள் இருக்க, மணமும் ருசியும் இல்லாத ரப்பரை விரால் ஏன் இப்படி வெறியோடு அடிக்கிறது என்றும் கேட்டிருக்கிறாய். இருபது வருஷம் லூர் என்கிற போலி இரையைப் போட்டவர்களிலும் பலர் இதைக் கேட்டதில்லை. நீ கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

விரால் நெடுந்தூரம் துரத்திப் பிடித்துத் தின்கிற மீன் அல்ல. கோரை நடுவிலும் அல்லி இலைக்கு அடியிலும் அசையாமல் கிடக்கும். தவளையோ கெண்டைக் குஞ்சோ அதன் முன்னால் கடந்துபோக ஒரு நொடி போதும். முகர்ந்து பார்த்து முடிவு செய்ய நேரமில்லை. யோசிக்கிற விரால் பட்டினி கிடக்கும். நம் ஏரித் தண்ணீரோ பெரும்பாலும் கலங்கல். கண் கைவிடும் இடத்தில், உடம்பின் இரு பக்கமும் ஓடுகிற பக்கக்கோடு தண்ணீரின் சின்ன அசைவையும் உணர்ந்துவிடும். உடம்பை வில்லாக வளைத்து ஒரே பாய்ச்சல். வாயை அகலத் திறந்ததும் தண்ணீரோடு இரையும் உள்ளே இழுபடும். மீன் அடிக்கும்போது கேட்கிற ‘டப்’ சத்தம் அதுதான். விரால் கையில்லாத உயிர். ஒரு பொருள் இன்னதென்று அறிய வாயால் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இரை இல்லையென்றால் துப்பிவிடும்.

ஆகவே தவளையை ஒரே சீராக இழுத்துக்கொண்டு வராதே. போட்டதும் அலை அடங்கும்வரை விடு. இரண்டு வெட்டு, ஒரு நிறுத்தம். அடித்த சத்தம் கேட்டவுடன் ராடைத் தூக்காமல், நரம்பில் கனம் தெரிகிறவரை பொறு.

இதுவரை சொன்னது பசியின் கதை. இன்னொரு கதையும் இருக்கிறது. நிகோ டின்பெர்கன் என்ற டச்சு விலங்கியலாளர் லெய்டன் நகரில் மூன்று முள் ஸ்டிக்கில்பேக் என்ற சிறு மீன்களைத் தொட்டியில் வளர்த்தார். இனப்பெருக்கக் காலத்தில் அதன் ஆணுக்கு வயிறு சிவக்கும். தன் கூட்டின் பக்கம் வரும் மற்ற ஆண்களை விரட்டும். மீன் வடிவமே சரியாக இல்லாத பொம்மையானாலும் அடிப்பக்கம் சிவப்பாக இருந்தால் போதும், அதையும் தாக்கின. சன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனபோதுகூட அதை நோக்கிச் சீறின என்று அவர் எழுதியிருக்கிறார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். தின்பதற்காக அந்த மீன்கள் தபால் வண்டிமேல் பாயவில்லை, தம்பி. கூட்டைக் காக்கப் பாய்ந்தன.

நம் விராலும் அப்படித்தான். மழையில் ஏரி நிரம்பியதும் ஓரத்துச் செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். பொரித்த குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் செம்மஞ்சள் நிறத்தில் பந்துபோலக் கூடித் திரியும். மூச்சுக்காக அவை மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோலத் தெரியும். அதன் கீழே தாயோ தகப்பனோ நிற்கும். அந்த நேரத்தில் எது கிட்டே வந்தாலும் முட்டித் தள்ளும், கடிக்கும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தவளையை இரண்டு முறை இழுத்தால் விரால் நிச்சயம் என்று உனக்குச் சொல்லித் தருவார்கள். அது உண்மைதான். நானும் இளவயதில் அப்படிப் பிடித்திருக்கிறேன். பிடித்த மீனைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அந்தச் சிவப்புப் பந்து கலைந்து சிதறிக்கொண்டிருந்தது. கெளுத்திகள் வந்து சேர்ந்திருந்தன. அதற்குப் பிறகு குஞ்சுக் கூட்டத்தின் மேல் நான் லூர் போட்டதில்லை.

இப்படிப் பிடிப்பதன் இழப்பு அந்த ஒரு கூட்டத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் பெருவாய் பாஸ் மீன்களை வைத்து 1970களில் ஓர் ஆய்வு தொடங்கியது. தூண்டிலில் அடிக்கடி அகப்பட்டவற்றையும் அகப்படாதவற்றையும் பிரித்து மூன்று தலைமுறை வளர்த்தார்கள். எளிதில் அகப்படும் குணம் பிள்ளைகளுக்கும் போயிருந்தது. 2012இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னும் முக்கியமானது: எளிதில் அகப்படும் வம்சத்து ஆண்களே கூட்டை அதிக மூர்க்கமாகக் காத்தன. பாஸ் இனத்தில் காவல் முழுக்கத் தகப்பன் வேலை. அவனைத் தூக்கிவிட்டால் ப்ளூகில் போன்ற சிறு மீன்கள் முட்டைகளைத் தின்ன வந்துவிடும். லூரை முதலில் அடிக்கிற மீன் பல நேரம் அந்தத் தண்ணீரின் ஆகச் சிறந்த பெற்றோர் என்பதே இதற்குப் பொருள். அதையே பொறுக்கியெடுத்துக்கொண்டிருந்தால் ஏரியில் என்ன மிஞ்சும்?

விரால் குஞ்சு காக்காத மற்ற நாட்களில் நன்றாகப் பிடி. உண்ணவும் எடுத்துக்கொள், விரால் குழம்பை வேண்டாம் என்று சொல்லும் சாமியார் அல்ல நான். தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை மட்டும் இடுக்கியால் நசுக்கி வை. விட வேண்டிய மீனைக் காயமில்லாமல் விடலாம்.

வருகிற ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் ராடு இல்லாமல் கரையில் போய் உட்கார். தண்ணீரில் சிவப்பு மேகம் கண்டால் அரைமணி நேரம் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்