மூச்சை எண்ணத் தெரிந்தவள்

அன்புள்ள தங்கைக்கு,

அடுத்த மாதம் நெஞ்சக நோய் வார்டில் பயிற்சி தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய். வென்டிலேட்டரையும் மானிட்டரையும் நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கருவிகள் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். மூச்சுத் திணறுகிற மனிதரைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் நாள் பிடிக்கும். மருத்துவ உலகமே இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது, 1952-இல், கோபன்ஹேகனில்.

அந்தக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரை இளம்பிள்ளை வாதம் சூறையாடியது. பிளெக்டம் மருத்துவமனைக்கு உச்சக் காலத்தில் ஒரு நாளைக்கு 50 பேர்கூட வந்தார்கள். பலருக்கு மூச்சுத் தசையும் விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தன. இரும்பு நுரையீரல் என்று அழைக்கப்பட்ட கருவி அங்கே ஒன்றுதான் இருந்தது. மார்பில் மாட்டும் கவசக் கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரத்தில் இவற்றில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

ஆக்சிஜன் கொடுக்கப்பட்டதால் அவர்களில் பலர் நீலம் பாரிக்கவில்லை. ஆனால் வியர்த்துக் கொட்டியது, இரத்த அழுத்தம் ஏறியது, நினைவு மங்கியது. இரத்தத்தில் பைகார்பனேட் கூடியிருந்ததை வேறு ஏதோ கோளாறு என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சனுக்கு மட்டும் விஷயம் பிடிபட்டது. ஆக்சிஜன் உள்ளே போகிறது, கரியமில வாயு வெளியேறவில்லை. ஜன்னல் அடைத்த அடுக்களையில் புகை நிறைவதுபோல உடலுக்குள் அது நிறைகிறது.

ஆகஸ்ட் 27-ஆம் தேதி, சாகும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அவள் திமிறினாள்; காற்று இறங்கவே இல்லை. இப்சன் மயக்க மருந்து கொடுத்தார். திமிறல் அடங்கியதும் ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். கரியமில வாயு இறங்கியது, சிறுமி பிழைத்தாள். அதன்பின் சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பை அமுக்கினார்கள். ஒரே நேரத்தில் 70 பேர்வரை இப்படி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சளியை உறிஞ்சி எடுப்பதும், புரட்டிப் படுக்க வைப்பதும், விடிய விடிய அருகில் இருப்பதும் நர்ஸுகளின் பொறுப்பு. இறப்பு விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் அதே நகரத்தில் இப்சன் தொடங்கிய பிரிவைத்தான் உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிறார்கள்.

இன்றும் நோயாளியின் விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் பாதிக் கதையைத்தான் சொல்லும். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1970-களில் கண்ட உத்தியில் இயங்கும் அந்தச் சின்னக் கருவி எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கரியமில வாயு அதில் தெரியாது. இரவெல்லாம் இரைத்துத் தவித்தவர் விடியற்காலையில் அமைதியாகத் தூங்கினால், "அப்பாடா, அசந்து தூங்குறார்" என்று உடனிருப்பவர்கள் சொல்வார்கள். நீ அப்படி விட்டுவிடாதே. தட்டி எழுப்பிப் பார். கண் திறந்து ஒரு வாக்கியம் பேசினால் நல்லது. குழறினாலோ, எழுப்ப எழுப்பச் சொக்கினாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடு. ஆஸ்துமாக்காரருக்கு விசில் சத்தம் திடீரென்று நின்றுபோய், களைப்பு மட்டும் கூடினாலும் அதே அவசரம்தான். அங்கே காற்றே உள்ளே போகாமல் இருக்கலாம்.

மூச்சை எண்ணு. பல கேஸ் ஷீட்டுகளில் எல்லாப் படுக்கைக்கும் 20 என்றே எழுதியிருக்கும். அது எண்ணி எழுதியதில்லை. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல், முழுதாக ஒரு நிமிடம் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைப் பார். தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் ஆபத்து நெருங்குகிறது. கழுத்துத் தசை இழுபடுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடிகிறதா என்பதையும் அந்த ஒரு நிமிடத்தில் கவனித்துவிடலாம்.

ஆக்சிஜனும் ஒரு மருந்துதான். அதற்கும் அளவு உண்டு. மோசமான நிலையில் வருகிற பெரும்பாலோருக்கு ஆக்சிமீட்டரில் 94 முதல் 98 சதவீதம் இலக்கு. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு, அதாவது பீடி, சிகரெட்டாலோ, நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு விறகடுப்புப் புகையாலோ நுரையீரல் கெட்டவர்களுக்கு, 88 முதல் 92 போதும். அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் கரியமில வாயு தேங்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில், ஆம்புலன்ஸில் வந்த 405 பேரிடம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களில் 9 சதவீதம் பேரும், அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இதைப் படித்துவிட்டு, அளவு கூடிவிட்டதே என்று மாஸ்க்கைச் சட்டென்று கழற்றிவிடாதே. ஆக்சிஜன் ஒரேயடியாகச் சரிந்து நிலைமை இன்னும் மோசமாகும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்று. கருப்பு நிறத் தோலில் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஆய்வில், கருவி நல்ல அளவைக் காட்டியும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. நம் வார்டுகளில் படுத்திருப்பவர்களின் நிறத்தை நினைத்துக்கொள். 95 என்று காட்டியும் ஒருவர் தவித்தால், தவிப்பை நம்பு.

கையால் செய்கிற சின்ன வேலைகளைச் சின்னது என்று எண்ணாதே. இரைப்பவரை மல்லாக்கப் படுக்க வைக்காதே. நிமிர்த்தி உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு, கையை ஊன்றிக்கொள்ளச் சொல். முகத்தில் படும்படி சின்ன விசிறிக் காற்று வீசினாலே திணறல் உணர்வு குறைவதைப் பிரிட்டனில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். இல்லையென்றால் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும். சளி உறிஞ்சும் குழாய் 15 வினாடிக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. நீ சளியை எடுக்கும்போது அவருடைய காற்றையும் சேர்த்துத்தான் எடுக்கிறாய்.

குப்புறப் படுக்க வைப்பதைக் கொரோனா காலத்தில் நீயே கேள்விப்பட்டிருப்பாய். பெரும்பாலும் பிரான்ஸில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், கடுமையாக நுரையீரல் பழுதடைந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களை ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் 33 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் சேர்க்கவில்லை. தலைமாட்டில் ஒருவர் குழாயைப் பிடிக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் புரட்டுகிற பழகிய கைகள் போதுமாக இருந்தன.

குழாய் போட்டவரால் பேச முடியாது. ஆனால் விழித்திருந்தால் எல்லாம் கேட்கும். "சளி எடுக்கப் போறேன்பா, கொஞ்சம் இருமல் வரும்" என்று சொல்லிவிட்டுத் தொடு. நம் எழுத்துகள் அத்தனையையும் ஒரு பலகையில் அடக்கினால் அவர் தேடிக் களைத்துவிடுவார். வலி, தாகம், மூச்சு, வீட்டு ஆள் என்று படம் வரைந்த அட்டை ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்.

இரவு டியூட்டியில் மருத்துவரை எழுப்பத் தயங்குவாய். தயங்காமல் கூப்பிடு. ஆனால் "சார், 12-ஆம் படுக்கைக்கு மூச்சு வாங்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. ஒரு மணி நேரத்துக்கு முன்பு மூச்சு 22, இப்போது 30, இரண்டு லிட்டரில் ஆக்சிஜன் 86, கூப்பிட்டால் சொக்குகிறார், உடனே வந்து பாருங்கள் என்று சொல். சொன்ன நேரத்தையும் எழுதி வை. பதில் வராவிட்டால் அடுத்த மருத்துவருக்குப் போன் போடு.

அன்புடன்,
அக்கா